கையிலிருந்து காலுக்கு: ஒரு பெண்கள் கால்பந்துக் கழகத்தின் கதை

சேந்தமங்கலத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் மைதானத்துப் பக்கம் போனால் கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். வெயில் இறங்கியிருக்கும். நடுவில் பையன்கள் மூன்று இடங்களில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் நடக்கச் சொன்ன பெண்கள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஓரமாகச் சுற்றி வருவார்கள். நானும் அப்படிச் சுற்றி வருகிறவள்தான்.

ஒருநாள் மைதானத்தின் ஒரு மூலையில் நாலைந்து பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். சுடிதார் டாப்ஸுக்குக் கீழே டிராக் பேன்ட். துப்பட்டாக்களைக் கழற்றி ஒரு சைக்கிளின் மேல் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் தமிழ் படித்தவள். கல்லூரி அணியில் ஆடியவள். அம்மா கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறார் என்று முன்பு சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"மேடம், படிப்பு முடிஞ்சதும் டீமும் முடிஞ்சு போச்சுங்க. நாங்களா ஒரு கிளப் ஆரம்பிக்கலாமுங்களா? அதுக்கு என்ன பண்ணோணுங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சொன்ன முதல் வாக்கியம் போகவில்லை. பெண்கள் ஆடாமல் இருந்ததில்லை. பள்ளியில் ஆடுகிறார்கள், கல்லூரியில் ஆடுகிறார்கள், மாவட்டப் போட்டிக்கு வேனில் போய் கோப்பையோடு வருகிறார்கள். ஆனால் அணி என்பது போட்டிக்காகச் சேர்வது. போட்டி முடிந்தால் கலைந்துவிடும். கழகம் என்பது அடுத்த வருடமும் இருப்பது. அதற்கு ஒரு பெயர் இருக்கும், மைதானத்தில் ஒரு நேரம் இருக்கும், யார் எப்போது ஆடினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஐரோப்பாவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஊர்ப்பெயரைத் தாங்கிய கால்பந்துக் கழகங்கள் தலைமுறைகளாக நடக்கின்றன. தாத்தா ஆடிய கழகத்திலேயே பேரனும் ஆடுகிறான். பாட்டி ஆடிய கழகத்தில் பேத்தி ஆடுவது அங்கேயே அபூர்வம். நம் ஊரில் அப்படி ஒன்றைப் பெண்கள் எப்படி உண்டாக்கினார்கள் என்று தேடியபோதுதான் மதுரையின் சேது எஃப்.சி. பற்றி முழுதாகப் படித்தேன். அந்தக் கழகத்துக்கு இன்னும் பத்து வயதே ஆகிறது. அதற்கு முன்னால் இருக்கும் கதைதான் நீளம்.

*

நான் படித்த பள்ளியில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய ஆட்டங்கள் இருந்தன. ரப்பர் வளையம் எறியும் டென்னிகாய்ட், த்ரோபால், கொக்கோ. கால்பந்து பையன்களுடையது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பந்து இருந்த அறையின் சாவி எங்களிடம் வந்ததே இல்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் எங்களை நோக்கி உருண்டு வந்த பந்தை நான் உதைத்துத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் அதற்குள் செய்தி போயிருந்தது. "ஆட்டம் போடாதே" என்றார்கள். ஒரு பெண் குழந்தை நம் வீடுகளில் அதிகம் கேட்கும் அதட்டல்களில் அதுவும் ஒன்று. ஆடுவதே குற்றம் என்ற பொருள் அந்தத் தொடருக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பிற்பாடு தமிழ் படிக்கும்போது யோசித்திருக்கிறேன்.

தமிழ் இலக்கியத்தில் பெண்ணுக்குப் பந்து புதிதில்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், ஓரையாடுகிறார்கள், ஊசலாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும் பெண்கள் பாடுவதற்கென்றே கந்துக வரி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி வந்ததும் செய்கிற முதல் வேலை பந்தடிப்பது. ஆனால் இந்தப் பாட்டுகளை எல்லாம் வகுப்பில் நடத்தி நடத்தி எனக்கு ஒன்று தெளிவானது. கந்துக வரியில் பந்து துள்ளத் துள்ள வாழ்த்துப் பெறுகிறவன் பாண்டியன். குறவஞ்சியில் பந்தைவிட அதை அடிக்கும் உடம்பைத்தான் கவிராயர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வளை, கொங்கை, இடை, கூந்தல். யார் நன்றாக ஆடினாள், யார் வென்றாள், தோற்றவள் மறுநாள் என்ன செய்தாள் என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. பந்து பெண்ணின் கையில் அலங்காரமாக இருந்தது.

அதற்கும் ஒரு கால எல்லை இருந்தது. அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று ஒரு துறை உண்டு. பருவம் வந்த பெண்ணை, ஊர் பேசத் தொடங்கிய பெண்ணை, வீட்டுக்குள்ளேயே இருத்திவிடுவது. அவள் காதலனோடு புறப்பட்டுப் போய்விட்டால், விட்டுப்போன பந்தையும் பாவையையும் கழங்கையும் பார்த்துத் தாய் அழுவாள். பெண்ணுக்கும் பந்துக்கும் உள்ள உறவு அங்கே முடிந்துவிடும். வீட்டுக்குள் இருந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, அவள் திரும்பப் பந்தாட வருவதில்லை.

என் வகுப்பில் இந்தத் துறையை விளக்க எந்த உரையாசிரியரும் தேவைப்படுவதில்லை. "எப்போது விளையாடுவதை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் போதும். பெரும்பாலான பெண்கள் வகுப்பைச் சொல்வார்கள்: ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. அந்த வருடம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

வேறு நாடுகளில் இந்தத் தடையை எழுத்திலேயே போட்டார்கள். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் 1917இல் ஓர் அணியைத் தொடங்கினார்கள். ஆண்கள் போர்முனையில் இருந்தார்கள். இவர்கள் வெடிபொருள் வேலை செய்தார்கள். இடைவேளையில் பந்து ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் இவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் வேறு. வசூலான பணம் போரில் அடிபட்டவர்கள் உள்ளிட்ட பலருக்கு உதவியாகப் போனது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் வேலை செய்த பகுதி எது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடினால் தண்டனை என்று அது சொல்லவில்லை. சங்கத்தில் இருக்கும் கழகங்கள் பெண்களுக்குத் தங்கள் மைதானத்தைத் தரக் கூடாது என்று சொன்னது. மைதானம் போனது; கூட்டம் போனது; வருமானம் போனது. பொது இடங்களில் ஆடியபடி அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள் என்றாலும், தடை விலக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. பிரேசிலில் 1941இல் ஓர் அரசாணை பெண்களின் கால்பந்தைத் தடுத்தது. 1979 வரை அது இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1955இல் போட்ட தடை 1970இல்தான் நீங்கியது.

இந்தியாவில் அப்படி ஒரு தீர்மானமும் இல்லை. எழுதிய தடையாக இருந்தால் ஒருநாள் அதை அடித்துவிடலாம், இந்தத் தேதியோடு முடிந்தது என்று சொல்லலாம். சாவி தராமல் இருப்பதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அதை ரத்து செய்ய எந்தக் கூட்டத்திலும் கை தூக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு மாலையும், யாராவது போய் ஆடித்தான் அது நீங்க வேண்டும். ஒரு நாள் ஆடினாலும் போதாது. தொடர்ந்து ஆட வேண்டும். ஒரு கழகம் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

*

1975இல் இந்தியாவில் மகளிர் கால்பந்துக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. ஆண்களின் கால்பந்தை நடத்திய அகில இந்தியக் கூட்டமைப்புக்கு வெளியே, தனியாக. அதே ஆண்டிலேயே தேசியப் போட்டியும் தொடங்கியது. 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. சேலத்திலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் போய்விடக்கூடிய ஊர். இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று இறுதிவரை போய் தைவானிடம் தோற்றது. 1983இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த ஆண்டுதான் வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர்.

அப்போது நான் கைக்குழந்தை. எட்டாம் வகுப்பில் பந்தை உதைத்ததற்காகத் திட்டு வாங்கியபோது, இந்தியப் பெண்கள் ஆசியாவில் இரண்டு முறை இரண்டாம் இடம் வந்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. எங்கள் வீட்டுக்கு நாளிதழ் வரும். விளையாட்டுப் பக்கத்தை மாமா முதலில் எடுத்துக்கொள்வார். அதில் பெண் என்றால் பி.டி. உஷா மட்டும்தான்.

1990களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கூட்டமைப்பு பெண்களின் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெரிய வீட்டுக்குள் போனால் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கை நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் 2009இல், நீண்ட நாள் எந்தச் சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை என்பதால், இந்தியப் பெண்கள் அணியின் பெயரையே உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். தோற்றதனால் கீழே இறங்கவில்லை. அவர்களை ஆடவே அனுப்பவில்லை.

*

தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்தின் கதையைக் கடலூரிலிருந்து சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, பெற்றோரை இழந்த, வீடிழந்த சிறுமிகள் அரசு இல்லத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குள் இருத்திவைக்க வீடே இல்லாமல் போன பெண்கள் அவர்கள். இதை எழுதும்போது கை தயங்குகிறது. துயரத்தை நல்லதாக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா அப்பா இருந்து, சொந்தபந்தம் இருந்து, "எவன் கட்டுவான்?" என்று கேட்க அத்தை சித்தி இருந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் மைதானத்துக்கு வந்திருப்பார்கள்?

கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய அணிவரை போனவர்கள் பலர். இந்துமதி கதிரேசன் அவர்களில் ஒருவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என வென்றது. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்றிருந்த நாட்டில், தமிழ்நாட்டின் முதல் பட்டம் அது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2–1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் வாங்கினார்கள்.

இது மாநில அணியின் வெற்றி. மாநில அணியும் போட்டிக்குச் சேர்ந்து போட்டிக்குப் பின் பிரிவதுதான். மீதி நாட்களில் ஆட ஓர் இடம் வேண்டும். அந்த இடங்களில் ஒன்றாகத்தான் சேது எஃப்.சி. வந்தது.

*

2016இல் மதுரையில் சேது எஃப்.சி. தொடங்கப்பட்டது. மதுரையை அடுத்த காரியாபட்டி பக்கத்தில் இருக்கும் சேது தொழில்நுட்பக் கல்லூரி அதன் பின்பலம். ஆண்களின் பெரிய கழகங்கள் பிற்பாடு பெண்கள் அணி ஒன்றையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். சேது அப்படி ஒட்டிப் பிறந்ததில்லை. அதன் பெயர் தேசிய அளவில் தெரிந்ததே பெண்களால்தான்.

அந்தக் காலத்தையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 2014இலேயே கோடிகளோடு இந்தியன் சூப்பர் லீக் வந்துவிட்டது. பெண்களுக்கான தேசிய லீக் 2017 தொடக்கத்தில்தான் முதல்முறையாக டெல்லியில் நடந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவை ஆறே அணிகள். தமிழ்நாட்டிலிருந்து போனது சென்னையின் ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி அணி. ஹரியானாவிலிருந்து வந்தது அலக்புரா என்ற ஒரு கிராமத்தின் அணி. ஊர்ப்பெயரேதான் அணியின் பெயர். ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா அணிகளும் ஒரே ஊருக்குப் போய், சில வாரங்களில் எல்லா ஆட்டங்களையும் ஆடி முடித்து வீடு திரும்பும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்ததுபோல.

2017–18 பருவத்தில் சேது தேசிய லீகுக்கு வந்தது. அந்த அணியில் இரண்டு பெண்கள் வங்கதேசத்திலிருந்து வந்து ஆடினார்கள்: சபினா காத்தூன், கிருஷ்ணா ராணி சர்க்கார். மதுரைக் கழகம் ஒன்றுக்காக சத்கீராவைச் சேர்ந்த சபினா கோல் அடித்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? 2022 செப்டம்பரில் காட்மாண்டுவில் நேபாளத்தை 3–1 என வென்று வங்கதேசம் முதன்முறையாகத் தெற்காசியப் பட்டத்தை வாங்கியபோது, சபினாதான் அணித்தலைவி. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் கிருஷ்ணா ராணி. இருவரும் நம் ஊர்ச் சீருடையை ஒரு பருவம் போட்டிருந்தவர்கள்.

அடுத்த பருவத்தில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி சேதுவுக்கு வந்தார். இந்துமதியும் அந்த அணியில் இருந்தார். 2019 மே மாதம் லூதியானாவில் போட்டி. பஞ்சாபின் மே வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாதத்தில் தொடர்ந்து ஆட்டங்கள் வைப்பது என்றால் என்னவென்று புரியும். மே 14 அன்று இறுதி ஆட்டம். எதிரணி மணிப்பூர் போலீஸ். சேது 3–1 என வென்றது. தேசிய மகளிர் லீகை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் அதுதான். அந்த மாதம் நம் தெருக்களில் பேச்செல்லாம் ஐ.பி.எல். இறுதியில் சென்னை ஒரு ரன்னில் தோற்றதைப் பற்றித்தான். இரண்டே நாள் இடைவெளி. தோற்றவர்களுக்காக அழுத ஊர், ஜெயித்தவர்கள் இருந்ததையே அறியவில்லை.

ஆட்டம் முடிந்தால் இந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்? இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது அவர் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார். நம் பெண்கள் விளையாட்டுக்கு வருவதில் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. போலீஸ், ரயில்வே, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம். இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை பொறுக்கும் அம்மாவின் மகளுக்கு, சேகோ ஆலையில் மாவு காயவைக்கும் அம்மாவின் மகளுக்கு, பந்து என்பது மாதச் சம்பளத்துக்கான ஒரு வழி. அந்த வழியில் போகும்போது ஆட்டத்தையும் நேசிக்கிறாள். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். ஆண்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

*

தொற்றுக்காலத்தில் ஒரு பருவம் ரத்தானது. 2022இல் புவனேசுவரத்தில் லீக் நடந்தபோது சேதுவும் கேரளத்தின் கோகுலமும் தோற்காமலே கடைசி நாள்வரை வந்தன. மே 26 அன்று இரண்டும் மோதின. கோகுலம் 3–1 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. சேதுவுக்கு இரண்டாம் இடம்.

வென்ற கோகுலத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆசியக் கழகங்களின் போட்டியில் ஆட அந்தப் பெண்கள் ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். அதே நேரம், அகில இந்தியக் கூட்டமைப்பின் நிர்வாகச் சண்டை முற்றி, வெளியார் தலையீடு என்ற காரணத்தைக் காட்டி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த இடைநீக்கம் விலக்கப்பட்டது. ஆனால் போட்டி காத்திருக்கவில்லை. பெண்கள் ஒரு பந்தும் உதைக்காமல் திரும்பி வந்தார்கள். நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள் ஆண்கள். மைதானத்தை இழந்தவர்கள் பெண்கள். அந்த ஆண்டு இறுதிக் கோப்பையை சேது வென்றிருந்தால் அந்த விமானத்தில் நம் பெண்கள் இருந்திருப்பார்கள்.

2023 டிசம்பரில்தான் லீக் முதன்முறையாகச் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்ற முறைக்கு மாறியது. ஏழு அணிகள், சேதுவும் ஒன்று. சில வாரத்தில் முடிந்த ஆட்டம் சில மாதங்களுக்கு நீண்டது. ஒரு பெண் டிசம்பரில் ஆடுவாள், மார்ச்சிலும் ஆடுவாள் என்பது செய்தியாகத் தோன்றாது. ஆனால் ஆடுவதை ஒரு வேலையாக, ஒரு வாழ்க்கையாகச் சொல்லிக்கொள்ள அது வேண்டும். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வீழ்த்தி இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அப்போது பயிற்சியாளராக இருந்த கிறிஸ்பின் சேத்ரி, புவனேசுவரத்தில் இரண்டாம் இடம் வந்த சேது அணிக்கும் பயிற்சியளித்தவர். சின்னக் கழகங்கள் பெரிய அணிகளுக்கு இப்படித்தான் போய்ச் சேருகின்றன. பெயர் பின்னால் தங்கிவிடுகிறது.

எனக்குச் சில சங்கடங்களும் உண்டு. நம்மிடம் பெண்களின் கழகம் பெரும்பாலும் ஒரு கல்லூரியின் நிழலில், ஒரு நிர்வாகத்தின் விருப்பத்தில் நிற்கிறது. அந்த விருப்பம் இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்காது. நன்றியோடு சொல்ல வேண்டிய விஷயம் அது. ஆனால் ஒருவர் மனம் மாறினால், ஒரு வருடத்து வரவுசெலவு சரியில்லை என்றால், கதை அங்கேயே நிற்கும். தந்தை வீட்டில் இருக்கும்வரை பாதுகாப்பு என்ற பழைய ஏற்பாட்டின் சாயல் அதில் இருக்கிறது. ஆடுகிறவர்களே உறுப்பினர்களாக, ஆடி ஓய்ந்தவர்கள் பொறுப்பாளர்களாக இருக்கும் கழகங்கள் நமக்கு வேண்டும். அலக்புரா போல ஊர்ப்பெயர் தாங்கியவையும் வேண்டும்.

*

மாணவியின் கேள்விக்கு விசாரித்துவிட்டேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. பெண்களின் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கிய அதே ஆண்டு. அந்தச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஒரு பெயர், ஒரு முகவரி, சங்கத்தின் நோக்கம், விதிமுறைகள், ஏழு கையெழுத்து. அதோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிறகு மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேர விண்ணப்பிக்கலாம். கால்பந்தின் விதிகளிலும் ஏழு என்ற எண் இருக்கிறது. ஓர் அணியில் பதினொரு பேர் ஆடலாம். ஆனால் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது.

அவளிடம் இதைச் சொன்னேன். சைக்கிள் கூடையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தாள். மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பெயர் எழுதத் தொடங்கினார்கள். ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேர். ஆறாவதாக, போன வருடம் கல்யாணமாகி உள்ளூரிலேயே இருக்கும் கோல்கீப்பர். "மாமியாகிட்ட நான் பேசறேன்" என்றாள் ஒருத்தி. கழிப்பறைக்குப் பூட்டு இல்லாததை முதல் கூட்டத்திலேயே பேசவேண்டும் என்றாள் இன்னொருத்தி. மாலை ஐந்திலிருந்து ஆறுவரை மைதானத்தின் கொல்லிமலைப் பக்கத்துப் பாதியைக் கேட்டு பேரூராட்சிக்கு மனு எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. தமிழ் வாத்தியாருக்கு ஏற்ற வேலைதான்.

ஏழாவது பெயருக்கு யோசித்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட ஆட வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே என்றேன். நோட்டை என் பக்கம் நீட்டினாள். எழுதிக் கொடுத்தேன்.

"மேடம், ஆடவும் ஆடலாமுங்க" என்றாள். அப்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பந்து படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.